பெட்டியின் மேல் எழுதிய விலை

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குத் தபால்காரர் தக்காளிக் கொல்லைக்கே வந்துவிட்டார். இரண்டு நாளாக வீடு பூட்டியே கிடக்கிறது, ஒரு சீட்டைக் கொடுக்க எத்தனை தடவைதான் அலைவது என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியை வரப்போரம் நிறுத்தினார். தூறல் விட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. செருப்பில் சேறு அப்பிக்கொள்ள, கொல்லைக்குள் இறங்காமல் அங்கிருந்தே நிர்மலாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

நிர்மலா புடவைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தாள். தக்காளிச் செடியின் பச்சை ஏறி ஏறி விரலெல்லாம் கருத்துப் பிசுபிசுத்தது. சட்டையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சீட்டை வாங்கினாள். வெளிநாட்டுப் பார்சல், மாரண்டஹள்ளி தபால் ஆபீசில் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளவும் என்று இருந்தது. அதற்குக் கீழே கட்டணம் என்று போட்டு ஏதோ எழுதியிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

"வந்துருச்சாட்டுது" என்று பக்கத்துச் சாலிலிருந்து எழிலரசி சொன்னாள். எழிலரசி அவளுடைய ஓரகத்தி, புருஷன் மாதுவின் அண்ணன் சென்னப்பனின் பெண்டாட்டி. பாகம் பிரிந்து அண்ணன் தம்பிக்கு ஆளுக்கு ஒன்றரை ஏக்கர். பிரிந்தாலும் பறிப்புக்கு ஆள் கிடைக்காத காலம் என்பதால், இன்றைக்கு இவர்கள் கொல்லை, நாளைக்கு அவர்கள் கொல்லை என்று நாலு பேரும் சேர்ந்தே பறிப்பார்கள்.

ஆவணி பிறந்து பத்து நாளாகியிருந்தது. விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. தக்காளிக்கு இந்த மழை ஆகாது. பழம் தோல் வெடித்து, வெடிப்பில் ஈ உட்கார்ந்துவிடும். மண்டியில் பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கிறவன் அடியில் ஒரு வெடிப்பழத்தைக் கண்டால் மொத்தப் பெட்டியையும் ஓரமாகத் தள்ளிவிடுவான். அதனால் மழை நிற்கிற நேரத்தில் எல்லாம் குனிந்தாக வேண்டும். பழம் தனி, தூரத்து லாரிக்குப் பாதி பழுத்த செங்காய் தனி, வெடித்தது தனி. நிர்மலா அன்றைக்கு இரண்டு தடவை பழத்தைச் செங்காய்ப் பெட்டியில் போட்டாள். எழிலரசி ஒன்றும் சொல்லாமல் எடுத்து மாற்றிப் போட்டாள். சொல்லாமல் செய்ததுதான் குத்தியது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நிர்மலாவின் மகள் தேவிப்பிரியாவுக்குக் காதுகுத்து.

அந்தப் பக்கத்தில் தாய்மாமன் கொண்டுவருகிற சீர்ச் சாமானின் மேல் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டை யாரும் கிழிக்க மாட்டார்கள். தட்டு வரிசையில் சீட்டோடுதான் வைப்பார்கள். மைக்செட் இன்னாசி ஒவ்வொன்றாகப் பார்த்து, சாமான் பேரும் விலையும் சேர்த்து வாசிப்பான். போன வருசம் எழிலரசியின் மகனுக்குக் காது குத்தியபோது அவளுடைய மூன்று அண்ணன்மாரும் ராயக்கோட்டையிலிருந்து டெம்போவில் பிரிட்ஜை ஏற்றி, முன்னால் பம்பை அடித்துக்கொண்டு வந்தார்கள். பில்லைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கதவிலேயே ஒட்டியிருந்தார்கள். அந்த பில் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. எழிலரசி பிரிட்ஜைத் துடைக்கும்போது அதைச் சுற்றித்தான் துடைப்பாள்.

நிர்மலாவுக்கு இருப்பது ஒரே ஒரு அண்ணன், பச்சியப்பன். அப்பன் ஆத்தா போன பிறகு, செங்கல் சூளையில் கல் அறுத்து இவளைக் கட்டிக்கொடுத்தவன். கட்டிலும் நாலு பாத்திரமும்தான் கொடுக்க முடிந்தது. அதைப் பற்றி இந்த வீட்டில் அவளிடம் நேராக யாரும் பேசியதில்லை. விருந்தாளி வந்தால் மட்டும், "அது எங்கூட்ல இருந்து வந்த கட்டிலுங்க, நிர்மலா வூட்டுது அந்தாண்ட சின்னது" என்று எழிலரசி சொல்லுவாள். நாலு வருசத்துக்கு முன்னால் பச்சியப்பன் மஸ்கட் போனான். போன இரண்டாம் வருசம் அவன் சூப்பர்வைசர் ஆகிவிட்டதாக ஊரில் பேச்சு. காதுகுத்துப் பத்திரிகையிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தது: தாய்மாமன் ப. பச்சியப்பன், சூப்பர்வைசர், மஸ்கட்.

லீவு கிடைக்கவில்லை, வர முடியாது, ஆனால் மாமன் சீர் வந்து சேரும் என்று அவன் போனில் சொன்ன அன்றைக்கு நிர்மலா கொல்லையில் எல்லார் காதிலும் விழும்படியாகவே சொன்னாள். லேப்டாப்பு. பாப்பா படிப்புக்கு. பெட்டி மேலேயே விலை போட்டு வருகிறதாம்.

மாதுவும் அவளும் பதினோரு மணிக்கு வண்டியில் போனார்கள். தபால் ஆபீசில் ரஞ்சித்குமார் என்கிற பையன்தான் இருந்தான். அரூர்ப் பக்கத்துக்காரன், வேலைக்கு வந்து ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தான். பழுப்பு அட்டைப்பெட்டி, நாலு பக்கமும் டேப் சுற்றியிருந்தது. மேலே ஒட்டியிருந்த சீட்டில் பச்சியப்பனின் கோணல் எழுத்தில் இங்கிலீசு. மாது அதை விரலால் தடவிப் பார்த்தான். ரஞ்சித்குமார் கையெழுத்து வாங்குகிற நோட்டை எடுக்கவில்லை. இதற்குச் சுங்க வரி இருக்கிறது, கட்டினால்தான் பெட்டியைக் கொடுக்க முடியும் என்றான். பெட்டி மேல் நானூறு ரியால் என்று விலை போட்டிருக்கிறது. அந்த விலையில் பாதிக்கு மேல் வரி. நம்ம பணத்துக்கு அறுபதாயிரத்துக்கு மேலே வருகிறது.

மாது குனிந்து சீட்டை இன்னொரு தடவை பார்த்தான்.

"கிஃப்டுன்னு எழுதியிருக்குதுங்களே சார்."

"கிஃப்டுன்னாலும் வரிதாங்க. முன்னாடி சின்ன வெலைக்கு விட்டுக்கினு இருந்தாங்க. அதையும் எடுத்து வருசக்கணக்கு ஆச்சு. இப்ப உயிர் காக்கற மருந்துக்கும் ராக்கிக் கயித்துக்கும்தான் வரி இல்ல."

"அதென்னாங்க ராக்கி?"

"வடக்க, தங்கச்சி அண்ணன் கையில கட்டுவாங்கல்ல, அந்தக் கயிறு."

மாது கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப தங்கச்சி அண்ணனுக்குக் கயிறு அனுப்புனா வரி இல்ல. அண்ணன் தங்கச்சிக்குச் சாமான் அனுப்புனா வரி."

"நான் போட்ட சட்டமாங்க அது?" என்று ரஞ்சித்குமார் சிரித்தான். பிறகு, எழுதிய விலை தப்பு என்றால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது என்றான். கடையில் வாங்கிய பில்லோடு ஒரு மனு எழுதிக் கொடுத்தால், பெட்டியைத் திருப்பிச் சென்னைக்கு அனுப்புவார்கள். அங்கே மறுபடி பார்த்து வரியைக் குறைத்தாலும் குறைக்கலாம். ஆனால் வாரக்கணக்கில் ஆகும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பெட்டி அனுப்பியவருக்கே போய்விடும். எதுவானாலும் சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

மாதுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வெல தப்பா? எங்க மச்சான் வெலையக் கூட்டி எழுதற ஆளில்லீங்க. கொறச்சி எழுதியிருந்தாலும் எழுதியிருப்பாரு."

"எல்லாரும் கொறச்சித்தாங்க எழுதுவாங்க. இவ்ளோ நேர்மையா எழுதுன ஆள நான் இப்பத்தான் பாக்கறேன்" என்றான் ரஞ்சித்குமார். அவன் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே சொன்னான்.

திரும்பி வரும் வழியில் மாது பேசிக்கொண்டே வந்தான். நானூறு ரியால் என்றால் லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. வரி கட்டினாலும் சாமான் விலைக்கு நட்டமில்லை. மச்சான் அவ்வளவு போட்டு வாங்கி அனுப்பியிருக்கிறார், அதை வாங்கத் துப்பில்லாமல் திருப்பி அனுப்பினால் நாளைக்கு அவர் முகத்தில் எப்படி முழிப்பது. தக்காளிப் பணம் உரக்கடைக்கே சரியாய்ப் போகும். கறவை மாட்டை விற்றுவிடலாம், கன்று கிடேரிதானே, இரண்டு வருசத்தில் அது கறவைக்கு வந்துவிடும். காற்றில் பாதிப் பேச்சு கேட்கவில்லை. மாடு என்ற சொல் மட்டும் நன்றாகக் கேட்டது.

அந்த மாட்டின் பால்தான் காலையும் மாலையும் சொசைட்டிக்குப் போகிறது. தக்காளி கைவிட்ட மாதங்களில் அடுப்பு எரிந்தது அதனால்தான். மாது அதை அறியாதவன் இல்லை. தம்பியின் கல்யாணத்தில் மச்சான் முறை சரியாகச் செய்யவில்லை என்று அண்ணன் சென்னப்பன் இன்றும் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவனுக்குள்ளும் ஒன்று புளித்துக் கிடந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை அது தீர்ந்துவிடும் என்று நம்பினான்.

மத்தியானம் களி கிண்டிப் போட்டு, அவன் சாப்பிட்டுப் படுத்ததும், நிர்மலா மாட்டுக்கொட்டகைக்குப் போய் அண்ணனுக்குப் போன் போட்டாள். அங்கே வெயில் நேரத்து ஓய்வு. முதல் மணியிலேயே எடுத்தான். பெட்டி வந்துவிட்டது என்றதும் அவன் குரலில் இருந்த சந்தோசம், வரி எவ்வளவு என்று சொன்னதும் அடங்கிவிட்டது. லைன் போய்விட்டதோ என்று அவள் போனை எடுத்துப் பார்த்தாள்.

"அவரு மாட்ட விக்கறேங்கறாருண்ணா" என்றாள்.

"விக்கவேணான்னு சொல்லு."

"பில்லு இருந்தா கொறைப்பாங்களாம். பில்ல போட்டோ புடிச்சி அனுப்புண்ணா."

"பில்லு இல்ல."

"ஏன்?"

அவனுக்குப் பின்னால் யாரோ இந்தியில் கத்துவதும், இரும்பு இரும்பின் மேல் விழுவதும் கேட்டது.

"அது கடையில வாங்குனதில்ல நிர்மலா. ரூம்ல ஒரு மலையாளத்தான் ஊருக்குப் போறப்ப வித்துட்டுப் போனான். நாப்பது ரியாலு. நல்லாத்தான் ஓடுது. சார்ஜி மட்டும் நிக்காது, ஒயர சொருவியே வெச்சா ஓடும்."

"நாப்பதா?"

"ஆமா."

"அப்பறம் நானூறுன்னு எதுக்குண்ணா எழுதுன?"

"சீட்டு மேலயே இருக்கும்ல. எல்லாரும் பாப்பாங்க. இன்னாசி மைக்குல படிப்பான். உங்க ஓரகத்தி வூட்டு பிரிட்ஜி பில்ல படிச்சாங்கன்னு நீதான போன வருசம் சொல்லி அழுத. ஒரு சைபர்தான போட்டேன். கிஃப்டுன்னு எழுதுனா சும்மா வுட்ருவாங்கன்னு இங்க எல்லாரும் சொன்னாங்க. வெலையப் பாத்து வரி போடுவாங்கன்னு எனக்கு யாரு சொன்னா?"

அவள் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டே நின்றாள். சூப்பர்வைசருக்குச் சம்பளம் நன்றாகத்தானே வரும், புதுசாகவே வாங்கியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தாள். அவனே சொல்லிவிட்டான்.

"சூப்பர்வைசரும் இல்ல ஒன்னும் இல்ல. சாரத்துக்குப் பைப்பு தூக்கறேன். மொத வருசம் என்னா பண்ணனோ அதேதான். மாப்ளகிட்ட சொல்லிடாத. நீ எப்டியாச்சும் அந்தப் பெட்டிய வேணாம்னு அனுப்ப வெச்சிடு. மாட்ட வித்துடப் போறாரு. ஆனா என்னான்னு மட்டும் சொல்லிடாத."

இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது என்பது அவனுக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும்.

புதன்கிழமை முழுக்க எழிலரசி கொல்லையில் பறிப்பு. பெட்டியை எடுத்து வந்தாச்சா என்று எழிலரசி கேட்டதற்கு, ஏதோ கையெழுத்துப் பாக்கி என்றாள் நிர்மலா. சாயங்காலம் மாதுவிடம் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தாள். பாப்பா இப்போதுதான் இரண்டாவது படிக்கிறாள், லேப்டாப்பு அவளுக்கு என்னத்துக்கு. கறவையை விற்றால் வீட்டுக் காப்பிக்கே பால் வெளியில் வாங்க வேண்டும். வரியாகக் கட்டுகிற பணத்துக்கு ஒரு பவுன் எடுத்தால் பிள்ளைக்கு ஆகும். அவன் எதற்கும் அசையவில்லை. "உன் அண்ணன் மானத்துக்குத்தான் நான் பாக்கறேன், நீ என்னா இப்பிடிப் பேசற" என்றான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மாட்டுத் தரகர் வந்தார். ராயக்கோட்டைப் பக்கத்து ஆள், பேச்சில் பாதி கன்னடம். மாட்டைச் சுற்றி வந்தார். பல்லைப் பிடித்துப் பார்த்தார், மடியைத் தட்டினார், வாலைத் தூக்கினார். காலைக் கறவை எத்தனை, மாலைக் கறவை எத்தனை என்று கேட்டு, சொன்ன கணக்கில் ஒரு லிட்டரைத் தானே குறைத்துக்கொண்டார். கன்று கட்டுத்தறியில் இழுத்துக் கத்தியது. பிறகு விலை பேசத் தோளில் கிடந்த துண்டை எடுத்து மாதுவின் கையையும் தன் கையையும் மூடினார். துண்டுக்குள் விரல்கள் அசைவது வெளியே தெரிந்தது. மாது தலையை ஆட்டினான், இல்லை என்றான், மறுபடி விரல் அசைந்தது. தூறல் கூரைத் தகரத்தின் மேல் பொடிப்பொடியாக விழ ஆரம்பித்தது.

"ஆய்த்து, ஆய்த்து. அறுவதுக்கு முடிச்சிக்கலாம்" என்று தரகர் துண்டை உதறி, அட்வான்சுக்கு உள்பையில் கைவிட்டார்.

நிர்மலா சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்து, "ஏங்க, செத்த இங்க வாங்க" என்றாள். அவன் அப்புறம் என்று கையைக் காட்டினான். அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். சாணிக் கை. தரகர் எதிரில் அப்படிப் பிடித்ததே அவனுக்குப் பெரிய அவமானம். பல்லைக் கடித்துக்கொண்டு குப்பைமேட்டுக்குப் பின்னால் வந்தான்.

"அது நாப்பது ரியாலுங்க" என்றாள்.

"எது?"

"அந்த லேப்டாப்பு. பழசு. யாரோ பயன்படுத்துனது. நானூறுன்னு எங்கண்ணன்தான் எழுதிப்புடுச்சி. மைக்குல படிப்பாங்கன்னு எழுதிச்சி. சூப்பர்வைசர் எல்லாம் கெடையாது, பைப்பு தூக்குது. நாந்தான் போன வருசம் அழுது பொலம்பிட்டேன், அதுக்குத்தான் பண்ணிச்சி. மாட்ட வித்துடாதீங்க." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

மாது அவளையே பார்த்தான். முதலில் அவனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவன் முகம் ஒரு மாதிரி இறுகிக் கருத்தது. தபால் ஆபீசில் எங்க மச்சான் விலையைக் கூட்டி எழுதுகிற ஆளில்லை என்று சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"செவ்வாக்கெழம."

"செவ்வாக்கெழமயே தெரியும். மாட்டுக்கு ஆள் வர்ற வரைக்கும் பாத்துக்கினு இருந்திருக்கற."

அடிப்பானோ என்று நினைத்தாள். இரண்டு தடவை அடித்திருக்கிறான், இந்தப் பதினோரு வருசத்தில். அவன் அடிக்கவில்லை. குப்பைமேட்டைத் தாண்டிப் போய்த் தரகரிடம் மாடு கொடுக்கிறதாக இல்லை என்றான். தரகர் துண்டுக்குள் கைகொடுத்த பிறகு பேச்சு மாறுகிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்று கன்னடத்திலும் தமிழிலும் திட்டிவிட்டு, வந்த வண்டிச் செலவுக்கு வாங்கிக்கொண்டுதான் போனார்.

அதற்குப் பிறகு மாது அவளோடு பேசவில்லை. கொல்லைக்குப் போய், மழையில் சாய்ந்துகிடந்த செடிகளைக் குச்சியோடு சேர்த்து நூல் போட்டுக் கட்டிக்கொண்டே இருந்தான். இரண்டு ஆள் செய்கிற வேலை, ஒருவன் செடியைத் தூக்கிப் பிடிக்க ஒருவன் கட்ட வேண்டும். நிர்மலா போய் ஒரு செடியைத் தூக்கிப் பிடித்தாள். அவன் அந்தச் செடியை விட்டுவிட்டு அடுத்த சாலுக்குப் போனான். அவள் கொண்டுவைத்த களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் வரப்பிலேயே ஆறியது. சாயங்காலம் அவனாகவே எடுத்துத் தின்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் சீட்டை எடு என்றான். எடுத்துத் திண்ணையில் வைத்தாள். கூட வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று வண்டியை உதைத்தான். ஒரு மணி நேரத்தில் வெறுங்கையோடு வந்தான். "எழுதிக் குடுத்துட்டேன்" என்றான். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது என்று அவள் கேட்டாள். நீ வாயை மூடிக்கொண்டு இரு, நான் சொல்லிக்கொள்கிறேன் என்றான். அவன் என்ன சொல்லப் போகிறான் என்பதே சனிக்கிழமை முழுக்க அவள் நினைப்பாக இருந்தது. விசேசத்தில் சாராயம் இருக்கும். சென்னப்பன் வாயைக் கிளறுவான். குடித்தால் மாதுவுக்கு வாய் நிற்காது. நாலு ஊர் சனத்துக்கு நடுவில், சீர்மேடைக்கு முன்னால், உன் அண்ணன் பைப்பு தூக்குகிறவன், நாற்பதை நானூறு என்று எழுதிய பொய்யன் என்று அவன் கத்துவதை, சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே மனசுக்குள் பல தடவை கேட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்திருந்தது. வாசலில் பந்தல், வேப்பமரத்தில் இன்னாசியின் இரண்டு குழாய் ஸ்பீக்கர். பச்சியப்பனுக்குப் பதிலாக நிர்மலாவின் சித்தப்பன் மகன் மணையில் உட்கார்ந்து மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டான். ஆசாரி மஞ்சளில் குறி வைத்துக் குத்தியதும் தேவிப்பிரியா கத்திய கத்தல் ஸ்பீக்கரில் அடுத்த ஊருக்கே கேட்டது. வாயில் சர்க்கரையைத் திணித்தார்கள். நிர்மலா சேர்த்துவைத்திருந்த பணத்தில் எடுத்த கம்மல், மாமன் வீட்டுக் கம்மல் என்றே காதில் ஏறியது.

தட்டு வரிசை ஆரம்பித்தது. பழம், வெல்லம், புடவை, பிள்ளைக்குப் பாவாடை. எழிலரசி தட்டுகளை ஒன்றொன்றாகக் கண்ணால் எண்ணிவிட்டு நிர்மலாவைப் பார்த்தாள். "மஸ்கட்டு பெட்டி எங்க நிர்மலா? உள்ள வெச்சிருக்கறயா, எடுத்தாரட்டுமா?" பக்கத்தில் இருந்த பொம்பளைகள் திரும்பினார்கள். நிர்மலா பந்திப் பக்கம் மாதுவைத் தேடினாள்.

மாது பந்திப் பக்கமிருந்து வந்தான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான், கண் கொஞ்சம் சிவந்திருந்தது. புகையா, குடியா என்று தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து இன்னாசியிடம் கொடுத்தான். இன்னாசி படித்துப் பார்த்தான். அவனை நிமிர்ந்து பார்த்தான். "இத அப்பிடியே படிக்கறதா?" என்று மைக்கை மூடாமலே கேட்டுவிட்டதால் அது எல்லாருக்கும் கேட்டது.

"அப்பிடியேதான். ஒரு எழுத்து வுடாத."

நிர்மலா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னாசி தொண்டையைச் செருமினான். முப்பது வருசமாக மொய்யும் சீரும் வாசித்த குரல். "தாய்மாமன் பச்சியப்பன், மஸ்கட்டு, அவர்கள் அனுப்பிய லேப்டாப்பு ஒன்னு. மாரண்டஹள்ளி தபால் ஆபீசு வரைக்கும் வந்து சேந்தது. கவர்மெண்டு சுங்க வரி அறுபதாயிரத்துக்கு மேல். புள்ளயின் தகப்பன் மாதுவுக்கு வரி கட்ட வசதி இல்லாததுனால, மாமன் சீரு திருப்பி அனுப்பப்பட்டது. சீரு வந்ததா ஏத்துக்கினு கணக்குல வெக்கச் சொல்லி மாது கேட்டுக்கறாரு."

பந்தலில் யாரோ சிரித்தார்கள். பிறகு பத்துப் பேர் சிரித்தார்கள். வரியே அவ்வளவா, அப்போது சாமான் எவ்வளவு இருக்கும் என்று கிழவர் ஒருவர் கேட்டார். இன்னொருவர் அவருக்குக் கணக்குச் சொன்னார். சென்னப்பன் பந்தியிலிருந்து எச்சில் கையோடு எழுந்து வந்தான். அவனுக்கு மூக்கு விடைத்திருந்தது.

"ஏன்டா, வரி கட்ட வக்கில்லன்னு மைக்கு வெச்சா சொல்லுவாங்க? எங்கிட்ட வந்து கேட்டிருந்தா நான் பொரட்டித் தந்திருக்க மாட்டனா? அந்த ஆளு அங்க வெயில்ல காஞ்சி அனுப்பறான், நீ திருப்பி அனுப்பிட்டு வந்து நிக்கற. நம்ம வூட்டு மானம் என்னாத்துக்கு ஆவறது?"

"இல்லண்ணா. வக்கில்ல" என்றான் மாது. "மச்சான் செஞ்சாரு. என்னால வாங்க முடியல. அவ்ளோதான். போய்ச் சாப்புடு, கறி ஆறுது."

சென்னப்பன் இன்னும் ஏதோ சொல்ல வந்தான். எழிலரசிதான் அவன் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். போகும்போது அவள் நிர்மலாவிடம், "பாவம் உங்கண்ணன்" என்றாள். அவள் குரலில் கேலி எதுவும் இல்லை. நிர்மலா தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு உள்ளே போய், சோற்று அண்டா மறைவில் நின்று, கரண்டியைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் அழுதாள். பந்தியிலிருந்து சோறு சோறு என்று கூப்பிட்டார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அள்ளிப் போட்டாள்.

நாலரை மணிக்குச் சனம் கலைந்தது. வாடகைப் பாத்திரங்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தபோது பச்சியப்பன் போன் செய்தான். பிள்ளைக்குக் காது வலிக்கிறதா என்று கேட்டான். யார் மடியில் வைத்துக் குத்தியது என்று கேட்டான். பிறகு, சீர் வாசித்தார்களா என்று கேட்டான்.

"வாசிச்சாங்கண்ணா. லேப்டாப்புன்னு வாசிச்சாங்க."

"பெட்டிதான் இல்லியே?"

நடந்ததைச் சொன்னாள். இன்னாசி படித்ததை அப்படியே சொல்ல அவளுக்கு வரவில்லை, விட்டுவிட்டுச் சொன்னாள். "மாப்ளகிட்ட சொல்லிட்டியா நீ?" என்று பச்சியப்பன் கேட்டான்.

மாது அண்டாவைக் கவிழ்த்து அடிப்பிடித்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கரிக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து போனை அவள் கையிலிருந்து வாங்கினான். வியாழக்கிழமையிலிருந்து அவள் கையைத் தொட்டு அவன் எதையும் வாங்கியிருக்கவில்லை.

"மச்சான், சாப்டாச்சா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவனே பேசினான்.

"அங்க வெயிலு எப்பிடி? கொறஞ்சிருக்குதா? தலைக்கு ஏதாச்சும் கட்டிக்கினு பைப்பு தூக்கு. வெறுந்தலையில நிக்காத." மாது சுவரில் சாய்ந்து குத்தவைத்து உட்கார்ந்தான். "அடுத்தவாட்டி பெட்டி மேல வெல எழுதறப்ப எனக்கொரு போனப் போடு. எவ்ளோ எழுதணும்னு நான் சொல்றேன். நீயா சைபர் போட்டுக்கினு இருக்காத."

நிர்மலா காது வைத்துக் கேட்டாள். அந்தப் பக்கம் சிரிப்பது போல ஆரம்பித்து, பிறகு சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. மாது போனைக் காதிலேயே வைத்திருந்தான்.

அவள் அண்டாவை இழுத்துப் போட்டு, அவன் விட்ட இடத்திலிருந்து சுரண்ட ஆரம்பித்தாள்.